ஒரு மார்க் ஜரிகையில் எத்தனை கிராம் வெள்ளி? பிளஸ் ஒன் வேதியியல் பாடமும் நன்னியின் பட்டுப் புடவையும்

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் இருக்கிறது களம்பூர். காட்பாடி – விழுப்புரம் ரயிலில் போனவர்களுக்கு இந்த ஊரை வேறு பெயரில் தெரிந்திருக்கும். இங்குள்ள நிலையத்துக்கு ‘ஆரணி ரோடு’ என்றுதான் பெயர். ஊருக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று அரிசி ஆலைகள். இன்னொன்று ஆரணிப் பட்டு நெய்யும் தறிகள்.

இப்படிப்பட்ட ஊர்களில் மட்டுமல்ல, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் மக்கள் அதிகம் வாழும் ஊர்களின் தெருக்களிலும் ஒரு குரல் அடிக்கடி கேட்கும்: “பழைய பட்டுப் புடவை, ஜரிகைப் புடவை வாங்குறோம்...” நன்னியின் நிக்காஹ்வுக்கு எடுத்த புடவை பெட்டியின் அடியில் மடிப்பு மடிப்பாக இற்றுப்போய்க் கிடக்கும். வாசலுக்கு வந்தவர் அதைக் கையில் வாங்கி, முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்து ஒரு தொகை சொல்வார். நாம் கூடக் கேட்போம். அவர் கொஞ்சம் ஏற்றுவார். புடவை போய்விடும். அதில் எத்தனை கிராம் வெள்ளி போனது என்பது கொடுத்த நமக்கும் தெரியாது. பல நேரம் வாங்கியவருக்கும் குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

அதே வீட்டின் உள்ளறையில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வேதியியல் புத்தகத்தின் முதல் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மோல், சமன் செய்யப்பட்ட சமன்பாடு, வேதிவினைக்கூறு விகிதம், வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. “இதெல்லாம் எதுக்கு உதவப் போகுது?” என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. வேதியியல் வேண்டாம், வேறு பிரிவுக்குப் போகிறேன் என்று பிள்ளைகள் பின்வாங்குவது பெரும்பாலும் இந்தப் பாடத்தில்தான். வாசலில் நடக்கும் பேரத்துக்கும் உள்ளறையில் ஓடாமல் நிற்கும் கணக்குக்கும் விடை ஒன்றே. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜரிகை என்பது என்ன?

அசல் ஜரிகையின் நடுவில் ஒரு பட்டு இழை இருக்கும். பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியது. வெள்ளியும் செம்பும் கலந்த கம்பியை மெல்லிதாக இழுத்துத் தட்டையாக்கி, அந்தப் பட்டு இழையின் மேல் சுற்றுவார்கள். அதன் மேல் தங்க முலாம். கண்ணுக்குத் தங்கமாகத் தெரிந்தாலும், தங்கத்தைவிட வெள்ளிதான் அதில் மிக அதிகம். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும் என்று நெசவாளர்கள் சொல்வது இதனால்தான். செம்புக் கம்பியில் வெள்ளிப் பூச்சு மட்டும் கொடுத்த ஜரிகையும் உண்டு. பளபளக்கும் பிளாஸ்டிக் ஜரிகையும் உண்டு; அதைத் தீயில் காட்டினால் சுருங்கி உருகிவிடும்.

ஜரிகையைக் கிராமில் கேட்கமாட்டார்கள், ‘மார்க்’ கணக்கில்தான் கேட்பார்கள். ஒரு மார்க் என்பது 242 கிராம். காஞ்சிபுரத்தில் உள்ள அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை லிமிடெட் பின்பற்றும் அளவில் நூற்றுக்கு 40 பங்கு வெள்ளி, 35.5 பங்கு செம்பு, 24 பங்கு பட்டு, அரைப் பங்கு தங்கம். பழைய அளவில் வெள்ளி 57 சதவீதம் வரை இருந்தது. ஆகவே, நன்னியின் புடவையைப் பேத்தியின் புடவையோடு சேர்த்து ஒரே விலைக்குப் போடுவது சரியல்ல.

40 சதவீதம் என்றால் ஒரு மார்க்கில் சுமார் 97 கிராம் வெள்ளி, 86 கிராம் செம்பு. இது சாதாரண சதவீதக் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். ஆனால் கையில் இருக்கும் ஜரிகை 40 சதவீதம்தானா என்று யார் சொல்வது? அங்கேதான் வேதியியல் தேவைப்படுகிறது. (ஜரிகையில் உள்ள வெள்ளிக்கு ஜகாத் உண்டா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை கிராம் என்பது மட்டுமே இந்தக் கட்டுரையின் வேலை.)

எண்ணிக்கை வேறு, எடை வேறு

கணக்குக்குள் போகும் முன் களம்பூரின் இன்னொரு அடையாளமான நெல்லைக் கையில் எடுத்துக்கொள்வோம். சன்ன ரகம் ஒன்று, குண்டு ரகம் ஒன்று. சன்னத்தில் ஆயிரம் மணி 15 கிராம் என்றும் குண்டில் ஆயிரம் மணி 25 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். “ஒரு குண்டு நெல்லுக்கு ஒரு சன்ன நெல் என்று சோடி சேர்த்து வை” என்று ஒருவர் சொல்கிறார். ஒரு மூட்டை நெல்லை உட்கார்ந்து எண்ண முடியுமா? முடியாது. ஆனால் தராசு இருக்கிறது. 25 கிலோ குண்டு நெல்லுக்கு 15 கிலோ சன்ன நெல் நிறுத்துப் போட்டால் இரண்டிலும் பத்து லட்சம் மணி. ஒன்றுகூட எண்ணவில்லை, ஆனாலும் எண்ணிக்கை சரியாகிவிட்டது. ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று கேட்டுவிட்டு 25 கிலோவுக்கு 25 கிலோ நிறுத்துப் போட்டவன் ஏமாந்துபோவான். அவனிடம் சன்ன நெல் பத்துக் கிலோ மீந்துவிடும்.

வேதிச் சமன்பாடும் இப்படித்தான். அது எண்ணிக்கையில் பேசும். நம் கையில் இருப்பதோ தராசு. அது எடையில் பேசும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பதுதான் மோல். நெல்லுக்கு ஆயிரம் மணி என்று வைத்துக்கொண்டது போல, அணுவுக்கு ஒரு பெரிய கட்டு: 602214 என்று எழுதிப் பின்னால் பதினெட்டு சுழியம் போட்டால் வருகிற எண்ணிக்கைக்கு மிக அருகில். அவகாட்ரோ எண் என்று இதற்குப் பெயர். 2019 மே 20 முதல் மோல் என்பதே நிலையான இந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. ஒரு மோல் வெள்ளி அணுக்கள் 108 கிராம். ஒரு மோல் செம்பு அணுக்கள் 63.5 கிராம். எண்ணிக்கை ஒன்றே, வெள்ளி குண்டு நெல், செம்பு சன்ன நெல்.

இந்த ஒரு வரி மனத்தில் பதியாமல் பாடத்தின் மீதி முப்பது பக்கத்தையும் மனப்பாடம் செய்து பயனில்லை. தேர்வில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெருக்கல், வகுத்தலில் அல்ல. சமன்பாட்டில் உள்ள எண்ணை எடை என்று நினைத்துக்கொள்வதில்தான்.

சாப்பாட்டு உப்பு சொல்லும் சாட்சி

இப்போது சோதனைக்கு வருவோம். ஒரு கிராம் ஜரிகையை நிறுத்து எடுக்கிறார்கள். பட்டு எரிந்துபோகும்படி சுட்டு, மிச்சத்தை நைட்ரிக் அமிலத்தில் போடுகிறார்கள். வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும். தங்கம் கரையாமல் துகளாகத் தங்கிவிடும். அதை வடிகட்டி எடுத்துவிடலாம். வெள்ளி இப்போது சில்வர் நைட்ரேட்டாகக் கரைசலில் இருக்கிறது. அதில் உப்புக் கரைசலை விட்டால் தயிர் திரிவது போல வெள்ளை நிறத்தில் ஒன்று திரண்டு அடியில் படியும். அதுதான் சில்வர் குளோரைடு. செம்பு திரளாது, நீலமாகத் தண்ணீரிலேயே நின்றுவிடும். புத்தகத்தில் குறியீடுகளாக இருக்கும் சமன்பாட்டை இங்கே பெயராலேயே எழுதுகிறேன்:

சில்வர் நைட்ரேட் + சோடியம் குளோரைடு → சில்வர் குளோரைடு + சோடியம் நைட்ரேட்

இடப்பக்கம் ஒரு வெள்ளி அணு, வலப்பக்கம் ஒரு வெள்ளி அணு. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. வீழ்படிவை வடிகட்டிக் கழுவி உலர்த்தி நிறுத்தால் 0.53 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்றுதானே என்று, “0.53 கிராம் வெள்ளி, அதாவது 53 சதவீதம்” என்று எழுதும் பிள்ளை 25 கிலோவுக்கு 25 கிலோ நெல் போட்ட கதைதான். அந்த வெள்ளைப் பொடியில் வெள்ளியோடு குளோரினும் இருக்கிறதே!

சில்வர் குளோரைடின் ஒரு மோல் 108 + 35.5 = 143.5 கிராம். முதலில் எடையை எண்ணிக்கையாக்க வேண்டும்: 0.53 ÷ 143.5 = 0.00369 மோல். பிறகு சமன்பாட்டைக் கேட்க வேண்டும்: ஒரு சில்வர் குளோரைடுக்கு எத்தனை வெள்ளி? ஒன்று. ஆகவே வெள்ளியும் 0.00369 மோல். கடைசியாக எண்ணிக்கையை மீண்டும் எடையாக்க வேண்டும்: 0.00369 × 108 = 0.399 கிராம். ஒரு கிராம் ஜரிகையில் 0.399 கிராம் வெள்ளி என்றால் ஏறத்தாழ 40 சதவீதம். ஜரிகை சொன்ன அளவில் இருக்கிறது.

வேறொரு ஜரிகையைச் சோதித்து 0.04 கிராம்தான் படிந்தது என்றால்? அதே வழியில் போட்டுப் பாருங்கள்: வெள்ளி 0.03 கிராம், மூன்று சதவீதம். அது பூச்சு ஜரிகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல மின்னியிருக்கும்.

எத்தனை உப்பு வேண்டும் என்றும் சமன்பாடே சொல்லும். 0.00369 மோல் சோடியம் குளோரைடு, அதாவது 0.22 கிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. சோதிப்பவர்கள் அதைவிடச் சற்றே கூடுதலாகப் போடுவார்கள். குறைந்தால் கொஞ்சம் வெள்ளி திரளாமல் கரைசலிலேயே நின்று, ஜரிகைக்கு வெள்ளி குறைவு என்று பொய்ச் சாட்சி சொல்லிவிடும்.

இது பள்ளிக்கூடத்துக்காக யாரோ இட்டுக்கட்டிய கணக்கல்ல. 1830களின் தொடக்கத்தில் பாரிஸ் நாணயச் சாலைக்காகக் கே-லுசாக் என்ற வேதியியலாளர் வெள்ளிச் சோதனையை இந்த உப்பு வழிக்கு மாற்றினார். அதுவரை வெள்ளியை உலையில் புடம் போட்டுத்தான் தரம் பார்த்தார்கள். அதில் கொஞ்சம் வெள்ளி இழப்பாகிவிடும், அரசின் நாணயக் கணக்கு தவறும். அளவு தெரிந்த உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இனித் திரளவில்லை என்ற இடத்தில் நிறுத்தி, செலவான உப்பைக் கொண்டு வெள்ளியைக் கணக்கிட்டார் அவர். உப்பு அங்கே தராசாகிவிட்டது.

அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே மெர்வ் நகரத்தில் அல்-காஸினி, தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்பதைப் பொருளைச் சிதைக்காமல் கண்டுபிடிக்கும் தண்ணீர்த் தராசை விரிவாக எழுதி வைத்தார். 1121-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்த ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூல் அது. அவருடைய வழி அடர்த்தியை அளப்பது, சமன்பாடு அல்ல. ஆனால் கடைவீதியில் கலப்படத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற அக்கறை ஒன்றே.

இன்று நகைக் கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் கருவி சில நிமிடங்களில் சதவீதத்தைச் சொல்லிவிடுகிறது. புடவையை விற்க நினைப்பவர்கள் ஜரிகைக் கரையில் ஒரு சிறு துண்டை அங்கே காட்டிப் பார்ப்பது நல்லது. கருவி தரும் சதவீதத்தை ஜரிகையின் எடையால் பெருக்க வேண்டும், முழுப் புடவையின் எடையால் அல்ல. கருவி உலோகத்தை மட்டுமே பார்க்கிறது என்றால் நடுவில் இருக்கும் பட்டு இழையின் எடையையும் கழிக்க வேண்டும். இதைக் கேட்கத் தெரிந்தவரிடம் வாசலில் நிற்பவர் சொல்லும் தொகை தானாக மாறும்.

இருபது கிராம் செம்பு, இருபத்தொன்பது கிராம் நட்டம்

ஜரிகையைச் சோதிக்க மட்டுமல்ல, வெள்ளியைத் திரும்ப எடுக்கவும் இதே அமில வழிதான். கரைந்த வெள்ளியைத் திரும்பப் பெற, சில்வர் நைட்ரேட் கரைசலில் செம்புத் தகட்டைத் தொங்கவிடுவார்கள். செம்பு கரையும், வெள்ளி பஞ்சு போலப் படியும்.

செம்பு + 2 சில்வர் நைட்ரேட் → காப்பர் நைட்ரேட் + 2 வெள்ளி

ஒரு மார்க்கில் 97 கிராம் வெள்ளி என்றோமே, அது 97 ÷ 108, சுமார் 0.9 மோல். இரண்டு வெள்ளிக்கு ஒரு செம்பு என்பதால் 0.45 மோல் செம்பு போதும். 0.45 × 63.5 = 28.6 கிராம். “இரண்டுக்கு ஒன்று, எனவே 97-க்குப் பாதி 48 கிராம்” என்று போடுபவருக்குச் செம்பு மீந்துவிடும். அதனால் பெரிய நட்டமில்லை, மீதித் தகட்டைக் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நட்டம் வருவது குறைத்துப் போடும்போதுதான். 20 கிராம் செம்புதான் இருந்தது, போட்டுவிட்டார். 20 ÷ 63.5 = 0.315 மோல். அது வெளியேற்றும் வெள்ளி இரு மடங்கு, 0.63 மோல். 0.63 × 108 = 68 கிராம். செம்பு முழுவதும் கரைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து நீலத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால், அதோடு 29 கிராம் வெள்ளியும் போகிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள்.

பாடத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பயமுறுத்துகிற பெயரில் வருவது இதுதான். எது முதலில் தீர்கிறதோ அது மொத்த வேலையையும் நிறுத்திவிடும். பிரியாணிக்கு அரிசி பத்துப் படி இருந்தாலும் கறி இரண்டு கிலோதான் என்றால் பந்தியின் அளவைக் கறிதான் முடிவு செய்யும். இது எந்த அம்மாவுக்கும் தெரிந்த விஷயம், பெயர்தான் புதிது.

புகைக்கும் கணக்கு உண்டு

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அமிலத்தில் ஜரிகையைக் கரைக்கும்போது செம்பழுப்பு நிறத்தில் ஒரு புகை எழும். சில இடங்களில் காற்றோட்டமில்லாத சிறு அறையில், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். எவ்வளவு புகை? அதையும் சமன்பாடு கிராம் சுத்தமாகச் சொல்லும். அடர் அமிலம் என்றால்:

வெள்ளி + 2 நைட்ரிக் அமிலம் → சில்வர் நைட்ரேட் + நைட்ரஜன் டை ஆக்சைடு + தண்ணீர்

செம்பு + 4 நைட்ரிக் அமிலம் → காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரஜன் டை ஆக்சைடு + 2 தண்ணீர்

முதல் வரியில் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு: இரண்டு அமில மூலக்கூறுகளில் ஒன்றின் நைட்ரேட் வெள்ளியோடு சேர்ந்துகொள்கிறது, மற்றொன்று புகையாகவும் தண்ணீராகவும் பிரிகிறது. எண்ணிப் பாருங்கள்: இடப்பக்கம் நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6, ஹைட்ரஜன் 2. வலப்பக்கமும் அதேதான். எந்த அணுவும் காணாமல் போகாது, புதிதாக முளைக்கவும் செய்யாது. 1789-இல் லவாய்சியர் தராசைக் கொண்டு நிலைநாட்டிய இந்த விதியால்தான் கெழுக்களைச் சமன் செய்கிறோம், அழகுக்காக அல்ல.

இப்போது ஒரு மார்க் ஜரிகைக்குப் போடுவோம். வெள்ளி 0.9 மோல், செம்பு 86 ÷ 63.5, அதாவது 1.35 மோல். அமிலம்: வெள்ளிக்கு 1.8, செம்புக்கு 5.4, மொத்தம் 7.2 மோல். ஒரு மோல் நைட்ரிக் அமிலம் 63 கிராம் என்பதால் 454 கிராம். இதில் கவனிக்க வேண்டியது, வாங்கிய அமிலத்தில் முக்கால் பங்கைச் செம்புதான் குடிக்கிறது. புகை: வெள்ளியிலிருந்து 0.9, செம்பிலிருந்து 2.7, மொத்தம் 3.6 மோல். ஒரு மோல் நைட்ரஜன் டை ஆக்சைடு 46 கிராம். 3.6 × 46 = 166 கிராம் புகை.

பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் அதன் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். அவ்வளவு புகையும் அதற்குள் தங்கினால் ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 கிராம். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிப்படி வேலையிடக் காற்றில் இந்த வாயு எந்த நேரத்திலும் கன மீட்டருக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அறுநூறு மடங்குக்கும் மேல்! கதவு திறந்திருந்தது, பாதி வெளியே போய்விட்டது என்று கழித்தாலும் முந்நூறு மடங்கு. இந்தப் புகையின் கொடுமை என்னவென்றால், சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் இருமல், கண் எரிச்சல். சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இந்த வேலையில் இருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், புகைபட்ட அன்று “ஒண்ணுமில்லம்மா, சரியாயிடுச்சு” என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எந்தப் புகை என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அமிலத்தைத் தண்ணீர் கலந்து நீர்த்ததாக ஆக்கினால் சமன்பாடே மாறிவிடுகிறது:

3 வெள்ளி + 4 நைட்ரிக் அமிலம் → 3 சில்வர் நைட்ரேட் + நைட்ரிக் ஆக்சைடு + 2 தண்ணீர்

3 செம்பு + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 தண்ணீர்

அதே மார்க்குக்கு அமிலம் 1.2 + 3.6 = 4.8 மோல், 302 கிராம். நைட்ரிக் ஆக்சைடு 0.3 + 0.9 = 1.2 மோல், அது வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதே செம்பழுப்புப் புகையாகிவிடும், 55 கிராம். அடர் அமிலத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு! அமிலச் செலவிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். உண்மையான பாத்திரத்தில் இரண்டு வினையும் கலந்தே நடக்கும் என்பதால் கணக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ விழும். வேகமாகக் கரைகிறது என்பதற்காக அடர் அமிலத்தை ஊற்றுபவர், காசையும் கூடுதலாகக் கொடுத்து மூன்று மடங்கு விஷத்தையும் வாங்கிக்கொள்கிறார். நீர்த்தாலும் மீதம் வரும் 55 கிராமே ஒரு மூடிய அறைக்கு மிக அதிகம். புகை உறிஞ்சும் கூண்டு இல்லாத இடத்தில் இது செய்யக்கூடிய வேலையே அல்ல. வீட்டில் முயல வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக அந்த நீலத் தண்ணீர். ஜரிகையிலிருந்த 1.35 மோல் செம்பும், வெள்ளியை வெளியேற்றக் கரைந்த 0.45 மோல் செம்பும் சேர்ந்து 1.8 மோல், 114 கிராம் செம்பு அதில் இருக்கிறது. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. 114 கிராமை அதால் வகுத்தால் 76,000 லிட்டர். ஒரு மார்க் ஜரிகையின் கழிவு அத்தனை லிட்டர் நல்ல தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதையும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நம் பகுதிக் குடும்பங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அந்தச் செம்பு வீணாக வேண்டியதே இல்லை. வெள்ளியைச் செம்பு வெளியேற்றியது போல, செம்பை இரும்பு வெளியேற்றும்.

இரும்பு + காப்பர் நைட்ரேட் → இரும்பு நைட்ரேட் + செம்பு

ஒன்றுக்கு ஒன்று. 1.8 மோல் செம்புக்கு 1.8 மோல் இரும்பு. இரும்பின் ஒரு மோல் 56 கிராம். 101 கிராம் பழைய ஆணி. மிச்சமிருக்கும் அமிலமும் கொஞ்சம் இரும்பைத் தின்னும் என்பதால் கைப்பிடி கூடவே போட வேண்டியிருக்கும். அந்த அமிலத்தைச் சுண்ணாம்பு கொண்டு அடக்க எத்தனை கிராம் சுண்ணாம்பு வேண்டும் என்ற கணக்கை உள்ளறையில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு நைட்ரிக் அமிலத்துக்கு ஒரு நீர்த்த சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்பின் ஒரு மோல் 74 கிராம். மீந்த அமிலம் 63 கிராம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 37 என்று விடை வந்தால் பாடம் புரிந்துவிட்டது. 74 என்று வந்தால் மறுபடியும் நெல்லிலிருந்து தொடங்குங்கள்.